பசுவுக்குப் பதிலாக ஒரு தொலைபேசி

வாணிபத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் துறைமுகங்களையும் கப்பல்களையும் அரசர்களின் ஆணைகளையும் பற்றியே எழுதிச் சென்றனர். செல்வம் கொழித்த நாடுகளில் தோன்றிய தொழில்களின் கதையும் நமக்கு மனப்பாடம். ஃபோர்டின் மோட்டாரும் எடிசனின் விளக்கும் பள்ளிப் பாடங்களிலேயே வந்து விடுகின்றன. ஆனால் சாலை இல்லாத, மின்சாரம் இல்லாத, வங்கிகள் கடன் கொடுக்க மறுக்கிற நாடொன்றில் ஒருவர் புதிதாக ஒரு தொழிலை எழுப்பினார் என்றால், அது எவ்வாறு எழுந்தது, யாருடைய தோள்மீது நின்றது, எழுந்த பின்னர் யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பன நம் வீடுகளில் பேசப்படுவதில்லை. அத்தகைய வரலாறு ஒன்றைப் பங்களாதேஷிலிருந்து எடுத்து ஈண்டு ஆராய விழைகிறோம். அந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. அந்த வரலாற்றில் நமக்குப் பெருமை தரும் பகுதியும் உண்டு. நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளும் உண்டு.

1971ஆம் ஆண்டு கிழக்கு வங்காளம் போரில் வெந்துகொண்டிருந்த நேரம். ஜெஸ்ஸோர் நகரத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் போருக்கு அஞ்சிக் கிராமப்புறத்தில் தஞ்சம் புகுந்திருந்தது. அக்குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு உடல்நலம் குன்றவே, தாயார் தம் மகன் இக்பால் காதிரை மருந்து வாங்கிவர அனுப்பினார். சிறுவனுக்கு அப்போது வயது 13. காலை முழுவதும் நடந்து மருந்து கொடுப்பவரின் இடத்தை அடைந்தபோது அவர் அங்கு இல்லை. பிற்பகல் முழுவதும் நடந்து வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதாயிற்று. அவர் ஊரில் இருக்கிறாரா இல்லையா என்று கேட்டறிய ஒரு வழி இருந்திருந்தால் அந்த ஒரு நாள் வீணாகியிராது.

இக்பால் காதிர் 1976இல் அமெரிக்கா சென்றார். கல்லூரிப் படிப்பை முடித்து, வார்ட்டனில் வணிக நிர்வாகமும் பயின்று, நியூயார்க்கில் முதலீட்டுத் தொழிலில் அமர்ந்தார். 1993இல் ஒரு நாள் அவருடைய அலுவலகத்தில் கணிப்பொறிகளை இணைத்திருந்த வலை அறுந்துபோயிற்று. ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. படித்தவர்கள், திறமைசாலிகள், வசதியான நாற்காலிகள், எல்லாம் இருந்தும் தொடர்பு ஒன்று இல்லாமற்போனதால் எல்லாம் நின்றன. 22 ஆண்டுகளுக்கு முன் மருந்துக்காக நடந்த அந்த நாள் அவர் நினைவுக்கு வந்தது. ஊர் வேறு, காலம் வேறு. ஆனால் இழப்பு ஒன்றே. தொடர்பு என்பது செல்வந்தரின் ஆடம்பரப் பொருள் அன்று, உழைப்பைப் பயனுள்ளதாக்கும் கருவி என்ற முடிவுக்கு அவர் வந்தார். இது இன்று சாதாரணமாகத் தோன்றலாம். அன்று தோன்றவில்லை.

அந்நாளில் பங்களாதேஷில் 500 பேருக்கு ஒரு தொலைபேசி என்ற கணக்கில்தான் இருந்தது. அதுவும் நகரங்களில்தான். 10 கோடி மக்கள் வாழ்ந்த கிராமங்களில் தொலைபேசி என்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். 1993இல் கைப்பேசிச் சேவை ஒன்று டாக்காவில் தொடங்கப்பட்டிருந்தது உண்மையே. ஆயின் அது செல்வர்களின் மேசைக்கும் மோட்டாருக்கும் உரியதாகவே இருந்தது. காதிர் இந்த யோசனையைச் சொன்ன இடங்களில் எல்லாம், இவ்வளவு ஏழை நாடு தொலைபேசியை எங்ஙனம் தாங்கும் என்றே கேட்டார்கள். அவரோ கேள்வியைத் தலைகீழாகத் திருப்பினார். தொலைபேசி இல்லாததும் அந்நாடு ஏழையாக இருப்பதற்கு ஒரு காரணம் அன்றோ என்றார். மேலும், கருவிகளின் உள்ளே இருக்கும் நுண்சில்லுகளின் விலை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருவதை அவர் கவனித்திருந்தார். இன்று தாங்க முடியாத விலை சில ஆண்டுகளில் தாங்கக்கூடியதாகும். அந்த நாள் வந்த பிறகு தொடங்கினால் பிந்திப்போகும். ஆகவே இன்றே தொடங்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

கணக்குச் சரி. கையில் காசு இல்லையே! நியூயார்க்கைச் சேர்ந்த ஜோஷ் மெயில்மன் என்ற முதலீட்டாளர் துணைநிற்க, ‘கொனொஃபோன்’ என்ற சிறு நிறுவனம் ஒன்று அமைந்தது. வங்க மொழியில் அதற்கு மக்கள் தொலைபேசி என்று பொருள். வேலையை விட்டுவிட்டு டாக்காவுக்கு வந்து சேர்ந்த காதிர், கிராமீன் வங்கியின் நிறுவனரான பேராசிரியர் முஹம்மது யூனுஸை நாடினார். யூனுஸ் முதலில் தயங்கினார். அவர் தொலைபேசிக்காரர் அல்லர். ஏழைப் பெண்களுக்குச் சிறு கடன் கொடுப்பவர். 1976இல் சிட்டகாங்கை அடுத்த ஜோப்ரா கிராமத்தில் தொடங்கிய அவருடைய முயற்சி, 1983இல் சட்டப்படி ஒரு வங்கியாயிற்று. அதில் கடன் பெறும் பெண் ஒரு பசுவை வாங்குவாள், பாலை விற்பாள், பால் விற்ற காசில் கடனை அடைப்பாள், பசு அவளுக்குச் சொந்தமாகிவிடும்.

காதிர் கேட்ட கேள்விதான் இந்த வரலாற்றின் ஆணிவேர். பசு இருக்கும் இடத்தில் ஏன் ஒரு கைப்பேசி இருக்கக்கூடாது? கடன் பெற்று அதை வாங்கும் பெண், ஊராருக்குப் பேச்சை நிமிடக் கணக்கில் விற்கலாமே! ஊருக்கு ஒரு கருவி போதும். ஒருவருக்கு எட்டாத விலை, ஊருக்கே பங்கிட்டால் எட்டிவிடும்.

நம் தமிழகத்தின் தெருமுனைகளில் எஸ்.டி.டி. கூண்டுகள் நின்ற காலத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தத்துவம் ஏறத்தாழ அதுவே. அதற்கும் முன்னர், வளைகுடா சென்ற கணவருக்கு ஒலிநாடாவில் பேசி, ஊருக்கு வந்து திரும்புபவரிடம் கொடுத்தனுப்பிய இல்லங்கள் நம் சமுதாயத்தில் எத்தனை! ஒரு குரலின் விலை என்னவென்று நம் தாய்மார்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

யோசனை கூடிவந்தபோதிலும் தொழில் கூடிவர நான்கு ஆண்டுகள் பிடித்தன. தொலைபேசி வலையை அமைத்து நடத்தத் தெரிந்த ஒரு நிறுவனம் தேவை. காதிர் ஸ்காண்டிநேவிய நாடுகளுக்குச் சென்றார். ஸ்வீடனின் டெலியா முதலில் ஆர்வம் காட்டிப் பின்னர் விலகிக்கொண்டது. நார்வேயின் டெலினார் முன்வந்தது. ஜப்பானின் மருபெனியும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டது. 1996 நவம்பரில் அரசாங்கத்தின் உரிமம் கிடைத்தது. பங்களாதேஷின் சுதந்திர நாளாகிய மார்ச் 26 அன்று, 1997இல், ‘கிராமீன்ஃபோன்’ தொடங்கப்பட்டது. டெலினாருக்கு 51 விழுக்காடு, யூனுஸ் அமைத்த இலாப நோக்கற்ற கிராமீன் டெலிகாமுக்கு 35, மருபெனிக்கு 9.5, யோசனைக்குச் சொந்தக்காரரான காதிரின் கொனொஃபோனுக்கு 4.5. இந்த எண்களை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இவற்றுக்கு நாம் திரும்புவோம்.

புதிய தொழில் எழுப்புகிறவர்கள் யாவற்றையும் தாமே கட்டிக்கொள்ள முற்படுவதைக் காண்கிறோம். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. டாக்காவையும் மற்ற நகரங்களையும் இணைக்கக் கம்பி வேண்டுமே? பங்களாதேஷ் இரயில்வே தன் தண்டவாளங்களின் ஓரமாக ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒளியிழைக் கம்பி பதித்திருந்தது. இரயில் போக்குவரத்தின் சைகைத் தொடர்புக்காக நார்வே நாட்டின் உதவியில் அமைந்த அக்கம்பியில் பெரும்பகுதி பயனின்றிக் கிடந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்தார்கள். கிராமங்களில் பணம் வசூலிக்க ஆட்கள் வேண்டுமே? கிராமீன் வங்கிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள் இருந்தன. வாரந்தோறும் கடன்தவணை வாங்கக் கிராமத்துக்குச் செல்லும் ஊழியர்கள் இருந்தார்கள். தொலைபேசிக் கட்டணமும் அவர்கள் வழியாகவே வந்தது. கிராமீன் டெலிகாம் தன் பங்குக்கான பணத்துக்கு ஜார்ஜ் சோரஸின் நிதியத்திடமிருந்து சுமார் 1 கோடி டாலர் கடன் பெற்றது. வேறொருவர் வேறொன்றுக்காகக் கட்டி வைத்ததைக் கண்டுபிடித்துத் தம் காரியத்துக்கு இணைத்துக்கொள்ளும் இந்தக் கண், பணத்தைவிட அரிது என்பது எமது கருத்து.

தொலைபேசிப் பெண்களைத் தேர்ந்தெடுத்த முறையும் கவனிக்கத்தக்கது. பழைய கடனை ஒழுங்காக அடைத்தவராக இருக்க வேண்டும். வீடு ஊரின் நடுவில், எவரும் எளிதில் வந்துபோகும் இடத்தில் இருக்க வேண்டும். கருவியிலுள்ள எழுத்தையும் எண்ணையும் படிக்கத் தெரிந்த ஒருவர் குடும்பத்தில் இருப்பது நல்லது. அவ்வளவே. அந்தப் பெண் பேச்சு நிமிடத்தைச் சலுகை விலையில் பெற்று ஊராருக்கு விற்றாள். நெல்லும் காய்கறியும் நகரத்தில் என்ன விலைக்குப் போகின்றன என்று உழவர் கேட்டார். மலேஷியாவிலும் வளைகுடாவிலும் இருக்கும் மகன் அனுப்பிய பணம் வந்ததா என்று தாய் கேட்டார். மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு நோயாளியை அழைத்துச் சென்றார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கருவி ஓர் ஆணின் கடையில் இருந்திருந்தால் கோஷா முறை வழங்கிய கிராமங்களில் பெண்கள் அங்குச் சென்று பேசியிருக்க மாட்டார்கள். ஒரு பெண்ணின் வீட்டில் இருந்ததால் அண்டை வீட்டுப் பெண்கள் தயக்கமின்றி வந்தார்கள். ஊரில் மதிப்பற்றிருந்த ஏழையின் திண்ணைக்கு ஊர்ப் பெரியவரும் வந்து தம் முறைக்காகக் காத்திருந்தார். சமயத்தின் பெயரால் பெண்ணை உள்ளே வைத்துவிட்டுப் பொருளாதாரத்தின் பெயரால் அவளைச் சுமை என்று சொல்லும் பழக்கம் நம்மிடையேயும் உண்டு. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் பொருளை முதலாக வைத்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நேர்மையையும் உழைப்பையும் நம்பி ஷாம் நாட்டுக்கு வாணிபக் குழுவை அனுப்பிய வரலாற்றை மீலாது மேடைகளில் முழங்குகிறோம். மேடையை விட்டு இறங்கியதும் அதை மறந்துவிடுகிறோம்.

அந்த வரலாற்றைக் குறிப்பிட்டதால் இன்னொன்றையும் சொல்லாமல் கடந்துபோக இயலாது. கிராமீன் வங்கி கடனுக்கு வட்டி வாங்குகிறது. தொழிற்கடனுக்கு அது வாங்கிய வட்டி, குறைந்துவரும் நிலுவையின்மீது 20 விழுக்காடு. கந்துவட்டிக்காரனிடம் அகப்பட்டிருந்தவளுக்கு இது பெரும் விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ரிபா ரிபாதான். ஏழைக்கு நன்மை செய்தது என்பதற்காக அதன் பெயரை மாற்றிவிட முடியாது. அதே நேரத்தில், ஹராம் என்று கூறிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் அந்தப் பெண்களுக்கு வேறு என்ன வழி காட்டினார்கள் என்ற கேள்வியும் எழத்தான் செய்யும். ஒருவர் முதல் போட, மற்றவர் உழைக்க, இலாபத்தைப் பேசிய விகிதத்தில் பங்கிடும் முளாரபா முறை நம் ஃபிக்ஹு நூல்களில் நூற்றாண்டுகளாக இருந்துவருகிறது. கருவியை வாங்கித் தந்து, நிமிடத்துக்கு இத்தனை என்று இலாபத்தைப் பங்கிட்டுக்கொள்ள, தொலைபேசித் தொழிலைக் காட்டிலும் தோதான தொழில் வேறு என்ன இருக்க முடியும்? ஒவ்வொரு அழைப்பும் கணக்கில் ஏறுகிறது, மறைக்க வழியில்லை.

முன்மாதிரிகளும் இல்லாமல் இல்லை. எகிப்தின் மித் கம்ர் நகரில் 1963இல் அஹ்மத் அந்நஜ்ஜார் வட்டியில்லாச் சேமிப்பு வங்கியைச் சிற்றூர் மக்களுக்காக நடத்திக் காட்டினார். 1967இல் அது நின்றுபோயிற்று. கிராமீன் வங்கி சட்டப்படி அமைந்த அதே 1983இல்தான் டாக்காவில் இஸ்லாமி வங்கியும் தொடங்கப்பட்டது. ஆனால் அவ்வங்கி கிராமப்புற ஏழைகளுக்கான தன் திட்டத்தை 1995இல்தான் தொடங்கியது. 12 ஆண்டுகள்! இந்த 12 ஆண்டு இடைவெளிக்கு வட்டி வாங்கியவர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை.

ஆப்பிரிக்காவில் இதே காலத்தில் நடந்த ஒரு முயற்சியையும் சுருக்கமாகத் தொட்டுச் செல்வோம். சூடான் நாட்டில் நூபியக் குடும்பத்தில் 1946இல் பிறந்த முஹம்மது இப்ராஹீம், அலெக்ஸாந்திரியாவில் பொறியியல் பயின்று, பிரிட்டனில் கைப்பேசித் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். மோ இப்ராஹீம் என்றால் உலகம் அறியும். 1998இல் அவர் தொடங்கிய நிறுவனம் செல்டெல் என்ற பெயரால் புகழ்பெற்றது. ஆப்பிரிக்கா என்ற பெயரைக் கேட்டதுமே பெரிய தொலைபேசி நிறுவனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட நேரம் அது. வங்கிகள் கடன் தராததால் பெரும்பாலும் பங்குதாரர்களின் பணத்தைக் கொண்டே அவர் நடத்த வேண்டியிருந்தது. மின்சாரம் இல்லாத இடங்களில் கோபுரத்துக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர். காங்கோ ஆற்றின் இரு கரைகளில் எதிரெதிரே நிற்கும் கின்ஷாஸா, பிரஸ்ஸாவில் ஆகிய இரு தலைநகரங்களுக்கிடையே பேசும் பேச்சு, விண்கோள் வழியாகக் கண்டம் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஆற்றின் குறுக்கே நுண்ணலைத் தொடர்பு அமைத்து அதை நேராக்கியது செல்டெல்.

நம்மைக் கவர்ந்தது இதுவன்று. உரிமத்துக்கும் அனுமதிக்கும் கையூட்டுக் கொடுத்தாலன்றி அங்கே தொழில் நடவாது என்று எல்லாரும் சொன்னார்கள். இப்ராஹீம் ஒரு விதி வகுத்தார். 30,000 டாலருக்கு மேல் எந்தத் தொகையை வழங்குவதானாலும் இயக்குநர் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஒரு நாட்டின் கிளையை நடத்துபவரிடம் அமைச்சர் கை நீட்டினால், தமக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அவர் பணிவோடு சொல்லிவிடலாம். நற்பண்பை ஊழியரின் மனவலிமைக்கு மட்டும் விட்டுவைக்காமல், நிறுவனத்தின் சட்டத்திலேயே வேலியாக நட்டார். 2005இல் குவைத்தின் எம்.டி.சி. நிறுவனம் 340 கோடி டாலருக்கு செல்டெல்லை வாங்கியது. பங்கு வழங்கப்பட்டிருந்த ஊழியர்களில் சுமார் 100 பேர் அன்று டாலர்க் கணக்கில் இலட்சாதிபதிகளுக்கும் மேலானவர்களாயினர். அவர்களுக்குரிய பங்கு முன்கூட்டியே எழுத்தில் இருந்தது.

இந்த எழுத்து என்ற சொல்தான் நம்மை மீண்டும் டாக்காவுக்கு அழைத்துச் செல்கிறது.

கிராமீன்ஃபோன் வளர்ந்தது. எவரும் எதிர்பாராத அளவில் வளர்ந்தது. 2006இல் யூனுஸும் கிராமீன் வங்கியும் நோபெல் சமாதானப் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது, நிறுவனத்துக்கு 1 கோடிக்கு மேல் வாடிக்கையாளர் இருந்தனர். தொலைபேசிப் பெண்கள் ஏறத்தாழ 3 இலட்சம் பேர். நிறுவனத்தின் வருமானத்தில் 19 விழுக்காடு அவர்கள் வழியே வந்தது. ஆஸ்லோ நகரில் நிகழ்த்திய பரிசுப் பேருரையிலேயே யூனுஸ் இவ்வெண்களை எடுத்துரைத்தார். அதே உரையில், நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை ஏழைப் பெண்களுக்கு உரிமையாக்குவதே தம் நோக்கம் என்றும் அறிவித்தார். டெலினாரின் தாய்நாட்டிலேயே நின்றுகொண்டு அவர் இதைச் சொன்னார் என்பதை மறக்கலாகாது.

அதற்குள் மருபெனியும் கொனொஃபோனும் தம் பங்குகளை விற்றுவிட்டன. டெலினாருக்கு 62, கிராமீன் டெலிகாமுக்கு 38 என்றாகியிருந்தது. தொடக்கத்தில் செய்துகொண்ட இணக்கத்தின்படி, ஆறு ஆண்டுகளுக்குப் பின் டெலினார் தன் பங்கை 35 விழுக்காட்டுக்குக் கீழே குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது யூனுஸின் வாதம். அது ஒரு நோக்கத்தை வெளியிட்ட வாசகமே ஒழியச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை அன்று என்பது டெலினாரின் வாதம். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது எம் வேலையன்று. திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. கொடுக்கல் வாங்கலை எழுத்தில் பதிய வேண்டும், சாட்சிகளை வைக்க வேண்டும் என்று விரித்துரைக்கும் அல்பகரா அத்தியாயத்தின் வசனம் அது. நல்லெண்ணத்தோடு தொடங்கும் கூட்டு முயற்சிகளில், எழுதச் சொல்வதே நம்பாமைக்கு அடையாளம் என்று கருதிக் கூச்சப்படுகிறோம். சகோதரர்கள் சேர்ந்து நடத்திய கடைகள் எத்தனையோ இந்தக் கூச்சத்தினால் நீதிமன்றப் படியேறியிருக்கின்றன.

தொலைபேசிப் பெண்களின் நிலை என்னவாயிற்று? கருவியின் விலை குறையும் என்று 1993இல் காதிர் போட்ட கணக்கு பலித்தது. அளவுக்கு மீறியே பலித்தது. கருவி மலிந்ததும் ஊரில் ஒவ்வொருவர் கையிலும் ஒன்று வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்குச் சென்று நிமிடக் கணக்கில் பேச வேண்டிய தேவை யாருக்கு? தொடக்க ஆண்டுகளில் நாட்டின் சராசரி வருமானத்தைவிட மிகுதியாக ஈட்டியவர்களின் வருவாய் ஆண்டுக்காண்டு தேய்ந்தது. சிலர் பேச்சுக்கான முன்பண அட்டைகளை விற்றார்கள். பலர் பழைய பிழைப்புக்கே திரும்பினார்கள். பசு கன்று ஈனும், கைப்பேசி ஈனுவதில்லை. உவமை அந்த இடத்தில் நொண்டிவிட்டது.

எனினும் அவர்கள் கைபழக்கிய கருவி வேறு தொழில்களுக்கு வழி திறந்தது. கென்யாவில் 2007இல் தொடங்கிய எம்-பெசா, கைப்பேசி மூலமே பணம் அனுப்பலாம் என்று காட்டியது. இக்பாலின் தம்பி கமால் காதிர், பிராக் வங்கியோடு இணைந்து 2011இல் டாக்காவில் ‘பிகாஷ்’ என்ற பணச் சேவையைத் தொடங்கினார். அங்கேயும் தெருமுனைக் கடைக்காரரே முகவர். ஏற்கனவே இருந்த கடைகளே கிளைகள். தமையன் இரயில் கம்பியிலும் வங்கிக் கிளையிலும் கண்டதைத் தம்பி பெட்டிக்கடையில் கண்டார். டாக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் உழைக்கும் பெண், மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை அன்று மாலையே கிராமத்திலுள்ள தாயாரின் கையில் சேர்க்க முடிகிறது.

2009 நவம்பரில் கிராமீன்ஃபோனின் பங்குகள் டாக்கா பங்குச் சந்தையில் விற்பனைக்கு வந்தன. அதன்பின் உரிமைப் பட்டியல் இவ்வாறு அமைந்தது: டெலினாருக்கு 55.8 விழுக்காடு, கிராமீன் டெலிகாமுக்கு 34.2, பங்கு வாங்கிய பொதுமக்களுக்கும் பிறருக்கும் 10. ஊர் நடுவே திண்ணையில் அமர்ந்து பேச்சு விற்ற அந்த 3 இலட்சம் பெண்களுக்கென்று அப்பட்டியலில் தனியாக ஒரு வரி இல்லை.